பக்கத்தில் இருந்தால் போதும்

துணி கிடைக்கும்வரை பெரியவள் அம்மாவின் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விட்டால் வாய் திறந்துகொண்டது. எதிர்வீட்டு டீச்சர் அலமாரியின் முன்னால் நின்று, எந்தத் தட்டில் கை வைப்பது என்று தெரியாமல் திணறினாள்.

"ரெண்டாவது தட்டுல பாருங்க டீச்சர். கிழிச்சு மடிச்சு வச்சிருப்பேன்."

கிழித்து மடித்த பருத்தித் துணிகள் அந்தத் தட்டு முழுக்க இருந்தன. எச்சில் துடைக்க, புண் துடைக்க, படுக்கைக்கு அடியில் போட என்று தனித்தனி அடுக்குகள். டீச்சர் நீளமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டபோது அம்மா பல்வலிக்குக் கட்டுப்போட்ட குழந்தை மாதிரி இருந்தாள். பெரியவள் பாலை ஆற்றி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அம்மா போய்விட்டிருந்தாள். மேஜையில் அந்தப் பால் ஆடை படர்ந்து நின்றது.

கையை எடுத்த பிறகும் பெரியவளுக்குக் கை காலியானது போலத் தோன்றவில்லை. இரண்டு வருடமாக அம்மாவுக்குக் கழுத்து நிற்கவில்லை. தலை மார்பில் கவிழ்ந்துவிடும். ஊட்ட வேண்டுமானாலும், தலை வார வேண்டுமானாலும், தம்பி போனில் கூப்பிட்டால் முகத்தைக் காட்ட வேண்டுமானாலும், இடது கையின் நான்கு விரல்களைத் தாடைக்கு அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். தூங்கும்போதுகூட அவள் இடது கை குவிந்தே இருக்கிறது என்று ஒருமுறை சித்தி சொல்லிச் சிரித்தாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் முதலில் கேட்டது, "எப்போ?" இரண்டாவதாகச் சொன்னது, "நேத்துகூட நல்லாத்தானேக்கா பேசினாங்க."

நேற்று அம்மா பேசியது ஒரே ஒரு சொல். "சாப்ட்டியா." அதுவும் அவனைப் பார்த்ததும் எங்கிருந்தோ எழும்பி வந்த சொல். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவள், அவன் முகம் திரையில் வந்ததும் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிடுவாள். நடுக்கமும் மறதியும் சேர்ந்து வருகிற இந்த வியாதியில் இப்படி ஆவது வழக்கம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பியிடம் டாக்டர் சொல்லவில்லை. பெரியவள் சொன்னாள், அது டாக்டர் சொன்னதாக இல்லாமல் அவளே சொன்னதாக மட்டுமே அவனுக்குக் கேட்டது.

ஆரம்பத்தில் ஒருநாள், "எதுக்கு அம்மா கழுத்தப் புடிச்சு அழுத்துற? வலிக்கப்போகுது" என்று அவன் கேட்டான். மறுநாளிலிருந்து போனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தாள். தாடைக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அம்மா தானாகவே தலை நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். பெரியவள் தானே செய்த தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வாள்.

ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க. உனக்குத்தான் ரெஸ்ட் வேணும்" என்றான். அதையே சித்தியிடமும் மற்றவர்களிடமும் சொன்னான். கல்யாணம் காட்சி இல்லாமல் வீட்டோடு கிடக்கிறவள், எதையும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் பேசுவாள் என்று உறவில் ஒரு முடிவு ஏற்பட்டிருந்தது.

அவனிடம் காட்டுவதற்கு அவளிடம் இருந்தது. அம்மாவுக்கு வருகிற நடுக்கத்தையும் நடையையும் விழுங்குகிற விதத்தையும் வீடியோ எடுத்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். வாயால் சொல்வதைவிட அது நல்லது என்றார். அப்படிச் சேர்ந்த வீடியோக்கள் போனில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. ஆரம்பத்தில் ஒன்றைத் தம்பிக்கு அனுப்பினாள். மீட்டிங்கில் இருந்தபோது சத்தத்தோடு திறந்துவிட்டதாம். இனிமேல் இப்படி அனுப்பாதே, போட்டோ இருந்தால் அனுப்பு என்று பதில் வந்தது. நேரில் வரும்போது மொத்தமாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். அவன் நேரில் வந்த அரை நாள்களில் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே இருந்தாள். அந்தச் சிரிப்பின் முன்னால் போனை எடுக்க முடியவில்லை.

ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு எதையும் கடத்துவது பெரியவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிரிண்ட் கடையில் வேலை. வருகிறவர்கள் சான்றிதழையும் பயணச் சீட்டையும் கல்யாணப் படத்தையும் போனில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். "நெட் வேணாங்க, ஒயர் வேணாங்க. ஷேர் பண்ற ஆப்பைத் திறங்க. ரெண்டு போனும் பக்கத்துல இருந்தா போதும்." இதை ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. பக்கத்தில் இருக்கிற போன்களின் பெயர்கள் திரையில் வட்டம் வட்டமாக வரும். ஒருவன் தன் போனுக்குச் 'சிங்கம்' என்று பேர் வைத்திருப்பான். பார்த்தால் பூனைபோல நிற்பான். அவள் போனுக்குக் கடை முதலாளி வைத்த பெயர் 'கடை போன் 2'. மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

தம்பி மதியம் வந்தான். குளிர்பெட்டியின் மேல் கை வைத்து நின்றான். பிறகு குனிந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். அந்த அழுகையில் பொய் இல்லை என்பது பெரியவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. பெட்டிக்குத் தனி இணைப்பு கொடுத்த ஒயர் வாசலில் யார் காலிலாவது தடுக்கிவிடுமோ என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுதுடுடி, உள்ள வச்சுக்காத" என்றாள் சித்தி. பிறகு பக்கத்து நாற்காலிக்காரியிடம், "மகராசி, போன வாரம் போன்ல பாத்தேன், கல்லு மாதிரி இருந்தா. என்னையப் பாத்து ஒரு சிரிப்பு. யாரு நெனச்சா?" என்றாள்.

தம்பி மனைவி முகம் கழுவிவிட்டு வந்து மெல்லக் கேட்டாள். "அண்ணி, முன்னாடி வைக்க நல்லதா ஒரு போட்டோ வேணும். இவர்கிட்ட இருக்கறதெல்லாம் போன்ல பேசுறப்ப எடுத்தது, கலங்கலா இருக்கு."

"இருக்கும்மா" என்றாள் பெரியவள். "அவன வரச் சொல்லு. போனை எடுத்துட்டு வரச் சொல்லு."

தம்பி வந்து நடையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். முழங்கால்கள் இடித்துக்கொண்டன. இவ்வளவு அருகில் இருவரும் உட்கார்ந்து வருடக்கணக்காகியிருக்கும். அவன் அந்தச் செயலியைத் திறந்தான்.

"கடை போன் 2ன்னு ஒண்ணு காட்டுது. யாரு அது?"

"நான்தான்."

அம்மா சிரிக்கிற போட்டோ ஒன்றை முதலில் தொட்டாள். அதற்குப் பிறகு வீடியோக்கள் இருந்த பக்கத்துக்குப் போனாள். 'அனைத்தும்' என்ற கட்டத்தின் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. தொட்டாள். வரிசையாக நீல நிற அடையாளங்கள் விழுந்தன.

"ஏத்துக்கவான்னு கேக்குது" என்றான்.

"ஏத்துக்க."

போட்டோ கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது. பிறகு கோடு மெதுவாக நகரத் தொடங்கியது. அவன் திரையைப் பார்த்து, "இவ்வளவு என்னக்கா?" என்றான்.

"அம்மாதான். பொறுமையா பாரு. இப்ப இல்ல, ஊருக்குப் போனப்புறம் பாரு." குரல் கடைக் குரலாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. "போறவரைக்கும் எந்திரிக்காத. தள்ளிப் போனா அறுந்துடும்."

இருவரும் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் தோள் அவள் தோளில் பட்டது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவன் இப்படித்தான் சாய்ந்து உட்காருவான். கோடு கால்வாசிக்கு வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இவன் இங்கேயே இருந்தால் போதும் என்று அவள் நினைத்தாள். அவன் பார்த்துவிட்டுக் கூப்பிட வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. பார்த்தால் போதும்.

வாசலில் பெரிய கார் ஒன்று நின்றது. அவனுடைய மேலதிகாரி. தம்பி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"டேய், இரு…"

"வந்துடறேன்க்கா."

அவன் படியிறங்கி, கேட்டைத் தாண்டி, காரின் அருகே போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியவளின் திரையில் கோடு நின்று, சிவப்பாக மாறியது. இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று கடையில் நூறு முறை பார்த்த அதே வாசகம்.

மேலதிகாரியை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தவன் உட்காரவில்லை. நின்றபடியே போனை எடுத்து, வந்து சேர்ந்தவற்றில் ஒன்றைத் திறந்தான். சத்தம் கூடத்துக்கே கேட்டது. அம்மாவின் குரல், ஆனால் யாருக்கும் தெரியாத அம்மாவின் குரல்.

"யாருடி நீ? என் வீட்ல உனக்கு என்னடி வேலை? தொடாத… தொடாதடி என்னைய… என் புள்ள வரட்டும், உன்னைய…"

திரையில் தட்டு பறந்து சுவரில் மோதியது. பெரியவளின் கை ஒன்று மட்டும் ஓரத்தில் வந்து, அம்மாவின் வாயைத் துடைத்தது. அம்மா அந்தக் கையைக் கடித்தாள். தம்பி நிறுத்திவிட்டான்.

சித்தி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பெரியவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக அந்த முகத்தில் எதைப் பார்க்கக் காத்திருந்தாளோ அது வரப்போகிறது என்றுதான் ஒரு நொடி தோன்றியது.

"அம்மாவ இந்த நெலமைல படம் புடிக்க உனக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு?" என்றான்.

"டாக்டர் எடுத்துட்டு வரச் சொன்னாருடா."

"டாக்டருக்கு ஒண்ணு காட்டினா போதாதா? இத்தனையா? இதெல்லாம் யார் கண்ணுலயாவது பட்டா அம்மாவுக்கு என்ன மரியாதை இருக்கு?" அவன் குரல் உயரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. விரலால் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுத் தேர்ந்தெடுத்து அழித்தான். "என் போன்ல அழிச்சிட்டேன். நீயும் அழிச்சிடு. நல்ல மாதிரியா இருந்தாங்க, அப்படியே இருக்கட்டும்."

"அவன் சொல்றதும் சரிதானே" என்றாள் சித்தி, பொதுவாக.

பெரியவள் தன் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

போட்டோவை மட்டும் அவன் அழிக்கவில்லை. அது ஓர் அடையாள அட்டையைப் புதுப்பிப்பதற்காக எடுத்தது. முகம் நேராக இருக்க வேண்டும் என்றார்கள். வலது கையில் போனை வைத்துக்கொண்டு இடது கையால் தாடையைத் தூக்கினாள். விரல் பட்டுக் கூச்சமெடுத்து அம்மா சட்டென்று சிரித்துவிட்டாள். பற்கள் தெரிய, கண் இடுங்க, அந்த வருடத்தில் அம்மா அவளைப் பார்த்துச் சிரித்த ஒரே சிரிப்பு. கை தெரிகிறது, செல்லாது என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தம்பி மனைவி கூடத்து மூலையில் உட்கார்ந்து திரையில் அந்தப் போட்டோவின் மேல் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண், எதையும் சுத்தமாகச் செய்கிறவள். கொஞ்ச நேரத்தில் கடையிலிருந்து முதலாளி கூப்பிட்டார். துக்கம் விசாரித்துவிட்டுத் தயங்கினார்.

"உங்க தம்பி சம்சாரம் படம் அனுப்பியிருக்காங்கம்மா. பெரிசா போடச் சொல்றாங்க. அம்மா சிரிப்பு அவ்வளவு நல்லா இருக்கு. ஆனா தாடைக்குக் கீழ ஏதோ அழிச்ச மாதிரி கலங்கலா தெரியுது. ஒரிஜினல் உங்ககிட்ட இருந்தா அனுப்புங்க, நானே சரி பண்ணித் தர்றேன்."

பெரியவள் கூடத்து மூலையைப் பார்த்தாள்.

"வேணாங்க" என்றாள். "அப்படியே போட்டுடுங்க."

சட்டம் போட்டு வந்த படத்தை வாசலில் ஒரு நாற்காலியின் மேல் வைத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். பார்த்தவர்களின் முகம் கொஞ்சம் இளகியது. எவ்வளவு நிறைவான சிரிப்பு என்றார் ஒருவர்.

"பையன் மொகத்தப் பாத்த சிரிப்பு அது" என்றாள் சித்தி. "அவன் கூப்பிட்டா மட்டுந்தான் அப்படிச் சிரிப்பா." தம்பி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சாயங்காலம் வண்டி வந்தது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது அம்மாவின் தலை ஒரு பக்கம் சரிந்தது. பெரியவளின் கை நீண்டது. "விடுக்கா, அவங்க பாத்துப்பாங்க" என்றான் தம்பி. அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

வண்டியோடு எல்லோரும் போன பிறகு சித்தி மட்டும் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். படத்தின் முன்னால் வந்து நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"ஏண்டி, கண்ணாடியில ஏதோ அழுக்கு இருக்கு பாரு. கழுத்துகிட்ட. யாரோ கை வச்சிருக்காங்க போல. தொடச்சிடு, நாளைக்கு ஆளுங்க வருவாங்க."

பெரியவள் உள்ளே போனாள். அலமாரியின் இரண்டாவது தட்டிலிருந்து ஒரு துணியை எடுத்து, ஓரத்தைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தாள். படத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, இடது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தாடைக்குக் கீழே துடைத்தாள். சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு விரல் அகலத்துக்கு இருந்த அந்தக் கலங்கல் அப்படியே இருந்தது. துணியைத் திருப்பி மடித்துக்கொண்டு, உலர்ந்த பக்கத்தால் இன்னொரு முறையும் துடைத்தாள்.