சூடாகட்டும், அப்புறம் பேசு

கடைசி நட்டை இறுக்கப் போனவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். புது ராடின் அந்த முனையை இறுக்கக் கூடாது. அதற்காகத்தானே அப்பாவோடு இத்தனை நாள் மல்லுக்கட்டினாள்!

அப்பா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்; ஒருவரையாவது நன்றாக ஓட்டுகிறாய் என்று சொன்னதில்லை. ஈரல் கெட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அப்போதும் வாய் மட்டும் ஓயவில்லை. காலையில் ஊசி போட வந்த நர்ஸிடம், "கிளட்ச்ச இப்பிடியா படக்குனு விடுவ?" என்று முனகினார். பாவம், அந்தப் பெண் சிரிப்பதா அழுவதா என்று விழித்தாள்.

கொட்டகையில் நிற்பது அவருடைய பழைய கார். இஞ்சின் பின்னால் இருக்கும். தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே குளிரும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க, பக்கத்துக்கு ஒரு கார்பரேட்டர். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இரண்டும் ஒன்றாகத் திறக்க வேண்டும். இரண்டையும் இணைக்கக் கடையில் வாங்கிய ராடு, இஞ்சின் ஆறியிருக்கும்போது சமர்த்தாக வேலை செய்யும். சூடு ஏறினால் இஞ்சின் துளி அகலும். உடனே ராடு ஒரு பக்கத்தை மட்டும் இழுத்துவிடும், வண்டி விக்கும். பம்பு கம்பெனியில் வரைபடம் போடும் மகள் புது ராடு வரைந்து கடைசல் பிடித்து வாங்கினாள். ஒரு முனை இறுக்கம். மறுமுனை, இஞ்சின் அகல அகல, குழாய்க்குள் வழுக்கிக் கொடுக்கும்.

"லொடலொடங்கும், பாரு. வண்டியில எதையும் லூசா விடக்கூடாது."

"லூசு இல்லப்பா. நகர எடம் விட்டிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

இன்று அவர் வாயால் ஒரே ஒரு 'சரி' வாங்கிவிட வேண்டும். நாளைக்கு அந்த வாய் பேசுமோ என்னவோ.

புகை அறைக்குள் வராதபடி வண்டியின் பின்பக்கத்தைத் தெருவைப் பார்க்க நிறுத்தியிருந்தாள். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. கையைத் துடைத்தபடி உள்ளே ஓடினாள்.

"எப்பிடிப்பா இருக்கு?"

"ஆறிக் கெடக்கும்போது எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும். சூடாகட்டும், அப்புறம் பேசு."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். பாடம் எடுக்கும்போதும் அப்படித்தான். காதாலேயே தப்பைப் பிடித்துவிடுவார். அவள் கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, லைசென்ஸ் வாங்க வந்தவள் போல அடக்கமாக உட்கார்ந்தாள். நடுவில் ஒருமுறை வண்டியிடம் போய் ஆக்சிலரேட்டர் லீவரைக் கையால் இழுத்து விட்டாள். இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. லொடலொடப்பு மருந்துக்குக்கூட இல்லை. இஞ்சின் மேல் விரல் வைக்க முடியாதபடி கொதித்தது.

"அப்பா, சூடாயிடுச்சு. இப்ப சொல்லுங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அப்பா."

போர்வை ஏறி இறங்கவில்லை. மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. பேச்சைப் பாதியில் விட்டு இப்படியா எழுந்து போவார் ஒரு மனுஷர்? அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் சூடு இருந்தது.

தண்ணீர் டம்ளரோடு அம்மா வந்தாள். "என்னடி, வண்டிய இவ்வளவு நேரம் ஓட விட்டிருக்க? என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"ஒரு குறைகூடவா சொல்லல?"

மகள் இல்லையென்று தலையாட்டினாள்.

அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக வந்து டம்ளரைக் கீழே வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்து, விலகிக் கிடந்த போர்வையை அவர் பாதம் வரை இழுத்துவிட்டாள்.

வெளியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த இருவரில் ஒருவரும் எழுந்து போகவில்லை.