பெரியவளின் அறுபத்தெட்டு

கால்பந்து கிளப்பின் உடை மாற்றும் அறையில், ஈரத் துண்டுகள் தொங்கும் கொக்கிகளுக்கு மேலே, திங்கட்கிழமைதோறும் ஒரு காகிதம் ஒட்டப்படும். யார் எத்தனை பாஸ் கொடுத்தார்கள், அதில் நூற்றுக்கு எத்தனை நம் ஆளிடம் போய்ச் சேர்ந்தது என்ற விவரம். அந்தத் திங்கட்கிழமை சென்டர் பேக் வரிசையில், அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நடுவில் காவல் நிற்பவர்களில், சின்னவளுக்குத் தொண்ணூற்று நாலு. பெரியவளுக்கு அறுபத்தெட்டு. சும்மா கடைசி இல்லை, சிவப்பு மையில் கடைசி.

இருவரும் கூடப்பிறந்தவர்கள். ஒரே அணியில், ஒரே காவலில், தோளோடு தோள் நிற்பவர்கள். அதனால் மொத்த கிளப்புக்கும் அவர்கள் பெரியவள், சின்னவள்தான். பதினோரு வருடமாக ஆடுகிற பெரியவளுக்கு முதல் முறையாக ஓர் அரையிறுதி ஆட்டம் வாய்த்திருந்தது, வருகிற ஞாயிற்றுக்கிழமை. காகிதத்தைப் பார்த்த கோச், அவள் இடத்தில் பெஞ்சில் இருக்கும் பெண்ணை இறக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் ஆடிய மூன்று ஆட்டத்திலும் தொண்ணூறுக்கு மேலாம். பதினோரு வருட முழங்கால் வலிக்கு எந்த வரிசையிலும் இடம் இல்லை.

பெரியவள் அழவில்லை. நேராகப் போய்க் கணக்கு எடுப்பவரின் கதவைத் தட்டினாள். அவருக்கு ஆட்டக்காரிகள் வைத்த பெயர் 'சதவீதம்'. முன்பு பஸ் கால அட்டவணை போடும் ஆபீசில் இருந்தவர். பஸ் தாமதமென்றால் தாமதம், வழியில் வெள்ளமா என்று கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் பொய் எழுதத் தெரியாத மனுஷன். பந்து மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, இந்த சீசனின் எட்டு மாத ஆட்டங்களையும் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார்.

பார்க்கப் பார்க்கப் பெரியவளுக்கு முதலில் எரிச்சல் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. எதிரணிப் பெண் சின்னவளை நோக்கிப் பாய்ந்து வருகிறாள். சின்னவள் அழகாக, அலுங்காமல், பந்தைப் பக்கத்தில் நிற்கும் அக்காவிடம் தள்ளிவிடுகிறாள். போய்ச் சேர்ந்துவிட்டது, சின்னவளுக்கு ஒரு டிக். பாய்ந்து வந்தவள் பந்தோடு கூடவே பெரியவளிடம் வருகிறாள். இந்தப் பக்கம் கோடு, அந்தப் பக்கம் இன்னொருத்தி. பெரியவள் வேறு வழியில்லாமல் முன்னால் ஓடும் நம் ஆளைப் பார்த்து ஓங்கி உதைக்கிறாள். சில சமயம் சேர்கிறது, சில சமயம் சேர்வதில்லை. அவளுக்கு ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. வீட்டிலும் இதே கதைதான். கண்ணாடி டம்ளரை உடைப்பது சின்னவள், அம்மா உள்ளே வரும்போது துடைப்பத்தோடு நிற்பது பெரியவள்.

கோச்சிடம் போய்ச் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சாக்குச் சொல்கிறவள் வேண்டாம், பாஸ் கொடுக்கிறவள் தனக்குப் போதும் என்றார். சரி, அவர் கேட்கிற பாஸையே கொடுத்துவிடுவோம் என்று பெரியவள் முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை, வெளி அணி ஒன்றோடு பயிற்சி ஆட்டம். அன்றைக்குப் பெரியவள் காலுக்கு வந்த எந்தப் பந்தையும் முன்னால் அனுப்பவில்லை. எல்லாவற்றையும் சின்னவளிடமே திருப்பினாள். எதிராளி தன்னை நெருங்கும் வரை காத்திருந்து, நெருங்கியதும் தள்ளிவிட்டாள். முதல் நாலைந்து தடவை சின்னவளுக்குப் புரியவில்லை. அப்புறம் கத்த ஆரம்பித்தாள். பதறிப்போய் உதைத்த பந்து ஒன்று கோட்டுக்கு வெளியே போனது, இன்னொன்று எதிராளி நெஞ்சில் பட்டு கோலாகவே போனது. இரண்டுக்குச் சைபர் என்று தோற்றார்கள். பெரியவளுக்கு அது உறுத்தாமல் இல்லை, ஆனாலும் கடைசி விசில் வரை அவள் மாறவில்லை.

உடை மாற்றும் அறையில் சின்னவள் பூட்ஸைக் கழற்றி வீசினாள்.

"எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டியேக்கா. ஒரு ஆட்டம் பூரா என்னை மாட்டி விட்டுட்ட."

"ஒரு ஆட்டம்தானே," என்றாள் பெரியவள். "நான் எட்டு மாசம்."

அன்றைக்கு வீடு வரைக்கும் இரண்டு பேரும் பஸ்ஸில் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து போனார்கள்.

அரையிறுதி நெருங்கியதால் திங்கட்கிழமைக்குக் காத்திராமல் மறுநாளே காகிதம் ஒட்டினார்கள், அது தலைகீழாக வந்தது. பெரியவள் தொண்ணூற்றேழு, சின்னவள் அறுபத்தொன்று. கோச் பெரியவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மூலையில் சதவீதம் ஒரு தாளோடு நின்றிருந்தார். கோச்சின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. கொஞ்சம் அதட்டினால் எப்படித் திருந்துகிறாள் பார் என்பது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் ஆடலாமாம், சின்னவள் பெஞ்சில் உட்காரட்டுமாம்.

பதினோரு வருடம் காத்திருந்த அரையிறுதி. சரி என்று ஒரு தலையாட்டல் போதும். பெரியவளின் தலை ஆடவில்லை.

"அந்தத் தொண்ணூத்தேழு என்னோடது இல்ல கோச். அவகிட்ட தலைவலியைத் தள்ளிட்டு நான் வாங்கினது. அவளோட அறுபத்தொண்ணும் நான் கொடுத்ததுதான். நேத்து நான் ஆடுனது ஆட்டமே இல்ல. அப்படி ஆடித்தான் தோத்தோம்."

"அப்ப என்னதான் வேணும் உனக்கு?"

"அறுபத்தெட்டுதான் நான். எடுத்தா அந்த அறுபத்தெட்டோட எடுங்க. இல்லேன்னா எடுக்காதீங்க. ஞாயித்துக்கிழமையும் முன்னாடிதான் அடிப்பேன்."

கோச்சின் முகம் கறுத்தது. அப்போதுதான் சதவீதம் தொண்டையைச் செருமிக்கொண்டு தாளை மேஜையில் வைத்தார். ஒரே நாளில் எண்கள் இப்படிப் புரண்டது உறுத்தி, ராத்திரி பூராவும் எட்டு மாத ஆட்டத்தையும் திரும்ப எண்ணியிருக்கிறார், இந்த முறை பந்து வரும்போது எதிராளி எவ்வளவு தூரத்தில் நின்றாள் என்பதையும் சேர்த்து. தங்கையிடமிருந்து பெரியவளுக்கு வந்த நூறு பந்தில் அறுபத்திரண்டு, எதிராளி இரண்டு காலடி தூரத்தில் இருக்கும்போது வந்தவை. அந்த மாதிரிப் பந்தில் பெரியவள் பாதிக்கு மேல் நம் ஆளிடம் சேர்த்திருந்தாள், அணியில் மற்றவர்கள் பாதிகூடச் சேர்க்கவில்லை. "நான் தப்பாக் கேட்டிருந்தேன் சார்," என்றார் அவர். "சேர்ந்துச்சான்னு மட்டும் கேட்டேன். எந்த நிலைமையில கொடுத்தாங்கன்னு கேக்கல."

கோச் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அந்த வழக்கமே அவருக்குக் கிடையாது. போய் ஓய்வெடு, இரண்டு பேரும் ஆடுகிறீர்கள் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் தொடங்கி ஆறாவது நிமிடம். பந்து சின்னவளின் காலில் இருந்தது. எதிரணியின் உயரமான பெண் அவளை நோக்கிப் பாய்ந்து வந்தாள். பெரியவள் வழக்கமான இடத்தில், வழக்கம் போல வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். சின்னவள் அக்காவை ஒரு தரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பந்தை ஓங்கி முன்னால் உதைத்தாள்.

அது யாரிடமும் போய்ச் சேரவில்லை. அரங்கம் முழுக்க உச்சுக் கொட்டியது. எங்கோ மேலே உட்கார்ந்திருந்த சதவீதம் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டிருப்பார்.

பெரியவள் மட்டும் கை தட்டினாள். "இன்னொண்ணு அடி," என்று கத்தினாள்.