மேயரைப் பார்க்க முடியாதவர்கள்

என் மனைவி செண்பகவல்லி எங்கள் ஊருக்கு மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாள் காலையிலிருந்து என் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுப்படியில் அவள் குரல் கேட்டது. கரண்டி மாவை அள்ளிக் கல்லில் வட்டமாக இழுத்தது. கரண்டியைப் பிடித்திருந்த கை மட்டும் இல்லை.

"என்னைத் தெரியலையா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"அப்ப நீங்க எண்ணிக்கையை நம்பல," என்று சொல்லித் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

நெப்ராஸ்காவில் நாங்கள் இருக்கும் சிற்றூரில் அது அப்படித்தான். ஓட்டு எண்ணிக்கையை நம்பாதவர்களுக்கு அதில் ஜெயித்தவர் தெரிய மாட்டார். முன்பெல்லாம் தேர்தலுக்குத் தேர்தல் யாராவது ஓரிருவர் கண் டாக்டரிடம் போவார்கள். அவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒன்றுமில்லை, நூலகத்துக்குப் போங்கள் என்பார். நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஓட்டுப்பெட்டிகள் இருந்தன. சந்தேகம் உள்ளவர் யாரும் போய் உட்கார்ந்து தானே எண்ணிப் பார்க்கலாம். கூட ஒரு எதிர்க்கட்சிக்காரரும் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச காலமாக யாரும் அங்கே போவதில்லை. பாதி ஊருக்கு மேயர் தெரிவதில்லை. அவர்கள் பெட்ரோல் பங்க்கில் காப்பிக் கோப்பையோடு நின்று அதைப் பற்றிப் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நான் நம்பாததற்குக் காரணம் கட்சி இல்லை. வல்லி ஊரின் ஒரே மருந்துக்கடையில் மருந்தாளுநர். யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மருந்து வாங்குவது வேறு, ஓட்டுப் போடுவது வேறு. செண்பகவல்லி என்று ஒரு தடவை முழுதாகச் சொல்லத் தெரியாதவர்கள் அந்தப் பெயருக்கு நேரே இருக்கும் வட்டத்தைக் கறுப்படித்திருப்பார்களா? எங்கோ தவறு நடந்திருக்கிறது, ஒருநாள் வந்து பதவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போவார்கள் என்றே நினைத்தேன். இதை அவளிடம் நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

"ஊர்க்காரங்க பாக்கலைன்னா பரவால்ல," என்றாள் ஒருநாள், சோபாவின் எந்த மூலையிலிருந்தோ. "உங்களுக்குமா தோணல, நான் ஜெயிச்சிருப்பேன்னு?"

பதவியேற்பு விழாவில் நான் முன்வரிசையில் இருந்தேன். மேடையில் மைக் தானாகத் தன் உயரத்தைக் குறைத்துக்கொண்டது. எனக்கு இடப்பக்கம் இருந்தவர்கள் கைதட்டினார்கள். வலப்பக்கம் இருந்தவர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மைக்கைப் பார்த்துக் கைதட்டினேன்.

பனி விழத் தொடங்கிய வாரத்தில் கிழக்குச் சாலைப் பாலத்தின் தளத்தில் ஒரு பகுதி உடைந்து இறங்கிவிட்டது. சாலைத்துறை ஆட்கள் வருவதற்கு முன்பே வல்லி போய் ஒரு சிவப்புக் கொடியை வைத்துக்கொண்டு பாலத்தின் நுழைவில் நின்றாள். பலர் அவளைப் பார்த்து வண்டியைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ராய் தன் டிரக்கில் வந்தார். ராய் கூரை வேலை செய்பவர். தேர்தலில் தோற்ற டேல் அவருடைய மைத்துனர். காற்றில் ஒரு சிவப்புத் துணி படபடப்பதைத்தான் ராய் கண்டார். ரேடியோ பாடிக்கொண்டிருந்ததால் அவள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. அவள் விலகிப் பாய்ந்தாள். வண்டியின் பக்கக் கண்ணாடி முழங்கையில் மோதியது. டிரக்கின் முன்சக்கரம் உடைந்த விளிம்பில் போய் நின்றது.

ராய் நேராக என் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"லிங்கம், உங்க மனைவிக்கு அடி பலமா? என்னால பாக்க முடியல."

"என்னாலயும் பாக்க முடியல," என்றேன்.

 அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வந்தபோது ஒரு வெள்ளைக் கட்டு மட்டும் வாசல்படி ஏறி வந்தது. அவளே உடுத்திக்கொண்டவை அவளோடு மறைந்துவிடும். வேறொருவர் கட்டிவிட்டது தெரியும். அந்தக் கணக்கில் தாலியும் தெரிந்திருக்க வேண்டும். அது பேங்க் லாக்கரில் இருந்தது. அதன்பிறகு சில நாள் அந்தக் கட்டு வீட்டுக்குள் நடமாடியது. கட்டை அவிழ்த்த பிறகு, "இன்னும் கொஞ்சம் மேல, அங்கதான்," என்று அவள் சொல்லச் சொல்ல, விரலால் தடவித் தடவிக் காயத்துக்கு மருந்து போட்டேன். தோல் சூடாக இருந்தது. அவள் வலியில் மூச்சை இழுப்பது என் காதுக்கு மிக அருகில் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராய் மறுபடி வந்தார்.

"டேல் தோத்துட்டான்னு எனக்கு இன்னும் நம்பிக்கை வரல," என்றார். "ஆனா ஒரு ஆளை வண்டியால தட்டிட்டு, எந்தப் பக்கம் பாத்து மன்னிப்புக் கேக்குறதுன்னு தெரியாம இருக்குறது நல்லா இல்ல. எண்ணப் போவோமா?"

நூலகத்தின் கீழ்த்தளத்தில் நகர மன்ற எழுத்தர் மர்லீன் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். கையைக் கழுவிக்கொள்ளச் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பாதவங்கதானே?"

"ஆமா," என்றோம்.

"நல்லது, உக்காருங்க. ஒவ்வொரு சீட்டையும் ரெண்டு பேரும் பாக்கணும், ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லணும்."

சீட்டுகளில் இன்னும் கைச்சூடு இருந்தது. சில கொதித்தன. ஒன்று குளிர்ந்து கிடந்தது, கையுறை போட்டு நிரப்பியிருப்பார்கள். ஒன்றில் குதிரை லாயத்தின் வாடை, இன்னொன்றில் இருமல் மருந்தின் வாடை. யாருடையது என்று ஊகிக்க முதலில் முயன்றேன். பிறகு விட்டுவிட்டேன். "டேல்" என்றார் ராய். "டேல்" என்றேன். "வல்லி" என்றேன். அவர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு "வல்லி" என்றார்.

முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு ஜோடி பாதங்கள் எனக்காக நின்றிருந்தன. அடுத்த நாள் முழங்கால் வரை வந்தது. அதற்கடுத்த நாள் டேலின் அடுக்கு உயர்ந்துகொண்டே போனது.

"இன்னைக்கு எதுவரைக்கும்?" என்று கேட்டாள்.

"கணுக்கால்."

"சரி, சாப்பிட வாங்க," என்றாள். கணுக்கால்கள் எனக்கு முன்னால் நடந்து போயின.

ராய் காப்பி எடுக்க மாடிக்குப் போயிருந்தபோது ஒரு சீட்டு வந்தது. அதில் இரண்டு பெயருக்கும் நேரே கறுப்படித்திருந்தது. வல்லியின் பெயருக்கு நேரே இருந்தது கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. மேசையில் நான் மட்டும்தான் இருந்தேன். அவளுடைய அடுக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சீட்டை நடுவில் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ராய் வந்து பார்த்தார்.

"வல்லியோடது அழுத்தமா இருக்கே?" என்றார்.

"ரெண்டும் கறுப்புதான். செல்லாது."

அவர் காப்பியை என் பக்கம் நகர்த்தினார்.  அதற்குப் பிறகு நான் சீட்டை எடுக்கும்போது என் விரல்களைக் கவனிப்பதை விட்டுவிட்டார்.

கடைசிப் பெட்டியில்தான் அது நடந்தது. "டேல்" என்றார் ராய். "டேல்" என்றேன். அவர் அதை அடுக்கில் வைக்கப் போனவர் நிறுத்தினார்.

"இருங்க. இது தடிமனா இருக்கு."

எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. நான் அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டியிருந்தேன். அவர் அதை அப்படியே வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கூரை வேலை செய்து தடித்துப்போன கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை மெல்ல நெம்பினார். உள்ளே இன்னொரு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து எடுத்து நெடுநேரம் கையில் வைத்திருந்தார். அவர் தாடை அசைந்தது.

"வல்லி," என்றார்.

"வல்லி," என்று சொல்லி நிமிர்ந்தேன்.

மாடிப்படியின் கீழே அவள் மதியச் சாப்பாட்டோடு நின்றிருந்தாள். பச்சைக் கோட்டு, தோளில் பனி, முகம், எல்லாம் இருந்தது. நான் பார்க்காமல் இருந்த நாட்களில் காதோரம் கொஞ்சம் நரைத்திருந்தது. 

"பெட்டியில இன்னும் பாக்கி இருக்கே," என்றாள். பெட்டி பாதி நிறைந்திருந்தது.

"தெரியும்."

"முடிச்சிட்டு வாங்க," என்று சாப்பாட்டை வைத்துவிட்டு, படியில் பாதி ஏறியவள் திரும்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

எண்ணி முடித்தோம். அவள்தான் ஜெயித்திருந்தாள். வித்தியாசம் மட்டும் முன்பு சொன்னதைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. மர்லீன் அதைக் கதவில் ஒட்டினார். ராய் மருந்துக்கடைக்குப் போய் அவளை நேராகப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். ஒரு சீட்டு விஷயத்தில் தனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை என்றும், அதனால் அவளுடைய இடது கை தெரியவில்லை என்றும் சொன்னார்.

"பரவால்ல," என்றாள் வல்லி. "நான் கையெழுத்துப் போடுறது வலது கையிலதான்."

ராய் பெட்ரோல் பங்க்கில் நடந்ததைச் சொன்னார். அவரை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். சிலர் காப்பியை வைத்துவிட்டு நூலகத்துக்கு நடந்தார்கள். டேலும் வந்தார். வேலித் தகராறில் பல வருஷமாகத் தன்னோடு பேசாத ஒரு பெண்மணிக்கு எதிரே உட்கார்ந்து, முதல் சீட்டிலிருந்து எண்ணத் தொடங்கினார். வல்லி தெருவில் நடக்கும்போது இன்னும் சிலர் அவள் மேல் மோதிக்கொள்ளத்தான் செய்கிறார்கள். இப்போது நின்று, தடவிப் பார்த்து, வணக்கம் சொல்கிறார்கள்.

செப்டம்பரில், அடுத்த தேர்தலுக்கு எண்ண முன்வந்தவர்களுக்கு நானும் ராயும் வகுப்பு எடுத்தோம். நாற்காலிகள் நிறைந்துவிட்டன. ஊருக்கு மேற்கே இருக்கும் சோளக்காடும் பெயர் கொடுத்திருந்தது, கொஞ்சம் தாமதமாக வந்தது. வாசலில் குனிந்து, மர்லீன் காட்டிய மிதியடியில் மண்ணைத் துடைத்துவிட்டு, பின்வரிசை முழுவதிலும் நின்றுகொண்டது. சீட்டை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நான் முதலிலிருந்து சொன்னேன். புரிந்ததா என்று கேட்டேன். அது அசையாமல் நின்றது. ராய் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார். காற்று வந்ததும் அது தலையாட்டியது.