மங்கையர் முகம் பாராதவர்

தரைக்கல்லுக்கு எழுநூறு வயது என்பதால் நல்லம்மா பனிச்சப்பாத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. அவளுடைய அண்ணன் அருமைராசாவுக்கு அன்று பின்னேரம் தகனம். அவளோ ஈரக் காலுறையோடு குளிர்ந்த கல்லில் நின்று, எலிசா என்ற பெண்மணி வரலாறு சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெருவில் போடும் உப்பு இந்தக் கல்லைத் தின்றுவிடும்," என்றாள் எலிசா பிரெஞ்சில். பனிக்காலத்தில் மொன்றியலில் உப்புத் தின்னாத பொருளே கிடையாது. ஆனால் இந்தக் கல் அப்படிப்பட்ட கல் இல்லையாம். பிரான்சில் எங்கோ இருந்த இடைக்காலத் தேவாலயம் ஒன்றை, சாராயம் விற்றுப் பணக்காரனான ஒருவன் கல் கல்லாகக் கழற்றி, கல்லுக்குக் கல் இலக்கம் போட்டு, கப்பலில் ஏற்றிவந்து மொன்றியல் ஓரத்துச் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் திரும்பப் பொருத்திவைத்தானாம். பொருத்தியவர்களுக்குக் கணக்குப் பிழைத்திருக்க வேண்டும். கூரை ஒழுகியது. ஒழுக்குக்குக் கீழே பெயின்ற் வாளி வைத்திருந்தார்கள். எலி மூத்திரமும் மெழுகுதிரியும் நனைந்த கம்பளியும் கலந்த வாடையை எலிசா ஆழ்ந்து இழுத்து, "இதுதான் காலத்தின் வாசனை," என்றாள்.

நல்லம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது அது எலிசா நடத்தும் சமூக எழுத்து மையம். அக்கம்பக்கத்துச் சனங்கள் சனிக்கிழமைகளில் வந்து தங்கள் வாழ்க்கையை எழுதுவார்கள். அதற்கு ஒரு தமிழ்ப் பிரிவும் இருந்தது. அதன் தலைவரும் செயலாளரும் அங்கத்தவரும் பேரின்பநாதன் ஒருவரே. 'செந்தமிழ்ச் சுடர்' என்ற பட்டத்தை, தானே கூட்டிய கூட்டத்தில், தானே வாங்கிய பொன்னாடையோடு ஏற்றுக்கொண்டவர். செத்தவரைப் புகழ்ந்து செத்தவீட்டில் கொடுக்கும் சிறுபுத்தகமான அஞ்சலி மலர் எழுதுவதில் மன்னன். வழக்கமாக முப்பத்தோராம் நாள்தான் மலர் வரும். இந்தமுறை தகனத்தன்றே வெளியிட்டு மொன்றியலில் ஒரு சாதனை படைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்.

முதல்நாள் நல்லம்மா தொலைபேசியில் ஒரேயொரு விஷயம்தான் கேட்டிருந்தாள். மலரில் போடும் உறவுகளின் வரிசையில் மாக்கிரட்டின் பெயரும் வரவேண்டும். "பாப்பம் தங்கச்சி," என்று சுடர் சொல்லியிருந்தது. பாப்பம் என்றால் இல்லை என்று தெரிந்துதான் அவள் நேரில் வந்தாள்.

அவளையும் கணவரையும் தன் காரில் அழைத்துவந்ததே மாக்கிரட்தான். நல்லம்மாவின் கணவர் இரவிச்சந்திரனின் கார் பழுதாகிக் கராஜில் கிடந்தது. பதினொரு வருடம் அஹுன்ட்சிக்கில் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் அருமைராசாவோடு வாழ்ந்த அந்தக் கியூபெக்காரியைச் சனம் 'வீட்டுக்காரி' என்றது. வாடகைக்கு வீடு கொடுத்தவளாம். கோயிலிலும் கலியாண வீட்டிலும் "அருமைராசா அண்ணை இப்பவும் அந்த வீட்டுக்காரியோடையோ இருக்கிறார்?" என்று முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் கேட்பார்கள். "ஓம், வாடகை குறைவு," என்று நல்லம்மாவும் சொல்லியிருக்கிறாள்.

"வாங்கோ, இருங்கோ," என்றார் பேரின்பநாதன். வளைவுக்குக் கீழே மேசை போட்டு மலர்களை மடித்துக்கொண்டிருந்தார். மாக்கிரட்டைப் பார்த்து, "ஆ, வீட்டுக்கார அம்மாவும் வந்திருக்கிறா. நல்ல மனுசி," என்றார் தமிழில். தன்னைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று விளங்கி மாக்கிரட் தலையசைத்தாள். அழுது வீங்கிய முகம். அருமைராசாவின் பழைய கழுத்துச் சால்வையைச் சுற்றியிருந்தாள்.

பேரின்பநாதன் பெருவிரலை நாக்கில் தொட்டு ஒரு தாளைப் பிரித்தார். திரும்ப நாக்கு, திரும்பத் தாள். எல்லா மலரின் முன்பக்கத்திலும் அருமைராசா சிரித்தார். எல்லா அருமைராசாவின் கன்னத்திலும் சுடரின் எச்சில் ஈரமாய்ப் பளபளத்தது. நல்லம்மா கண்ணை எடுத்தாள்.

"வாசிக்கிறன், கேளுங்கோ." அவர் தொண்டையைச் செருமினார். கல்மண்டபம் அந்தச் செருமலைத் தூக்கிச் சுவருக்குச் சுவர் எறிந்தது. தன் குரல் பெருகிவருவதை ஒருகணம் நின்று ரசித்துவிட்டுத் தொடங்கினார்:

"தங்கத் தமிழ்வளர்த்த தானைத் தலைமகனே,
மங்கையர் முகம்பாரா மாதவனே, துறவோனே..."

அருமைராசா புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் பெட்டி அடுக்கியவர். அவர் வளர்த்தது பல்கனியில் தக்காளியும் வயிற்றில் தொந்தியும். ஹொக்கியில் மொன்றியல் தோற்றால் அவர் வாயிலிருந்து வரும் தமிழை எந்த மலரிலும் அச்சடிக்க முடியாது.

"என்ன சொல்கிறார்?" என்று மாக்கிரட் மெல்லக் கேட்டாள்.

இரவிச்சந்திரன் முந்திக்கொண்டார். "மிகவும் நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறார்."

"காலுறையைச் சோபாவுக்குக் கீழே தள்ளிவிடுவார். அதையும் எழுதினாரா?" என்று சொல்லிச் சிரிக்கப் போன மாக்கிரட், சிரிப்பு வராமல் சால்வையின் நுனியை வாயில் அழுத்திக்கொண்டாள். எலிசா ஓடிவந்து அவளை அணைத்து, இந்தச் சுவர்கள் எத்தனையோ துயரங்களைக் கேட்டவை என்றாள். கேட்டவை பிரான்சில் அல்லவா என்று நினைத்தாள் நல்லம்மா.

"அண்ணை, மாக்கிரட்டின்ர பேர் எங்கை?"

"தங்கச்சி, எந்த இடத்திலை போடுறது? மனைவி எண்டு போட ஏலுமே? தாலி கட்டினவரே? மகள், மருமகள், மச்சாள் எண்டு ஒரு ஒழுங்கு இருக்குது. அதிலை இதுக்கு ஒரு சொல்லில்லை."

"பெண்டுகளின்ர முகம் பாக்காதவர் எண்டுறதுக்கு மட்டும் சொல்லிருந்ததாக்கும்."

"அது கவிதை, பிள்ளை. கலியாணம் கட்டாத எல்லாருக்கும் அதுதான் போடுறனான்."

"அப்ப போன மாசம் செத்த சிவநேசத்தாருக்கும் உதே பாட்டோ?"

சுடர் சற்று மங்கியது. "ரெண்டு வரி மாத்தினனான்," என்றார்.

இரவிச்சந்திரன் அவளை வாளிப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார். சொட்டு விழும் இடைவெளிகளில் பேசினார். "நீர் கொஞ்சம் சும்மா இரும். நிருஷான்ர மாப்பிள்ளை வீட்டுக்காரர் ரொறன்ரோவிலையிருந்து வருகினம். மாமன்காரன் வெள்ளைக்காரியோடை இருந்தவர் எண்டு அவையின்ர கையிலை அச்சடிச்சே குடுக்கப்போறீர்? கலியாணம் முடியட்டும். பேந்து பாப்பம்."

"பேந்து ஆருக்கு?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் மகளை நினைத்து வாயை மூடிக்கொண்டாள். நிருஷாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அது பொய்யில்லை. அந்த ஒரு மெய்யை வைத்து மற்ற எல்லாப் பொய்யையும் மூடலாம்போல் இருந்தது.

மலர்களைப் பெட்டியில் அடுக்கி இரவிச்சந்திரன் தூக்கினார். மாக்கிரட் முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தாள். பிறகு, அவர் வழுக்கி விழுந்துவிடாமல் பெட்டியின் மறுபக்கத்தைத் தானும் பிடித்துக்கொண்டு பனிக்குள் இறங்கினாள். நல்லம்மா சப்பாத்தை மாட்டியபடி அதைப் பார்த்தாள்.

அருமைராசாவைக் கிடத்தியிருந்த மலர்ச்சாலையில் சனம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முதல் வரிசையில், புதுச் சால்வைகளோடு. மாக்கிரட் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அங்கே உட்காரச் சொன்னது யார் என்று நல்லம்மா கேட்கவில்லை. பேரின்பநாதன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்து, தானைத் தலைமகனைத் தொடங்கினார். மங்கையர் முகம் பாராத இடம் வந்தபோது சிலர் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். ஒருவர் மலரால் வாயை மறைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் தகப்பன் மெச்சித் தலையாட்டினார்.

ஐயர் கிரியைகளை முடித்துக் கூப்பிட்டார். "வாய்க்கரிசி போட உரித்துக்காரப் பொம்பிளையள் வாங்கோ. சகோதரங்கள் முதல்லை."

நல்லம்மா எழுந்து போனாள். தட்டில் கைவைத்து அரிசியை அள்ளினாள். போடவில்லை. திரும்பி நின்றாள். கணவர் கண்ணால் வேண்டாம் என்றார். நிருஷா தாயை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று நல்லம்மாவுக்குத் தெரியவில்லை.

"மச்சாள்," என்றாள் நல்லம்மா. அண்ணன் மனைவியைக் கூப்பிடும் அந்தச் சொல் கடைசி வரிசைவரை கேட்டது. "மச்சாள், இஞ்சை வாங்கோ. நீங்கள்தான் முதல்லை."

யாரை என்று எல்லாரும் திரும்பினார்கள். மாக்கிரட்டும் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது. நல்லம்மா வரிசைகளுக்கு நடுவே நடந்து போய், அரிசி இல்லாத கையால் அவளைப் பிடித்துக் கூட்டிவந்தாள். புதுச் சால்வைகளில் ஒன்று எழுந்து வெளியே போனது. கதவு மெதுவாகத் தானே மூடிக்கொண்டது. ஐயர் தொண்டையைக் கனைத்தார். பிறகு தட்டை மாக்கிரட்டின் பக்கம் நீட்டினார்.

நல்லம்மா தன் கையைத் திறந்து எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்தாள். மாக்கிரட் அரிசியை அள்ளி அருமைராசாவின் வாயருகே போட்டாள். சில மணிகள் மீசையில் ஒட்டிக்கொண்டன. ஐயர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாக்கிரட் நகரவில்லை. குனிந்து, மீசையில் இருந்த மணிகளை விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள்.