பூத்த புதினா

கூடாரக்கார பூஷ்தா புதினாப் பாத்தியில் பாதியை அறுத்த பிறகுதான் அரிவாள் ஓசை துரியாவின் காதில் விழுந்தது. உள்ளறையில் பக்கத்து வீட்டு ஹனியா அவளுக்கு வெள்ளைத் தலைத்துணி கட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் போனால் நான்கு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்தி, வாசலைத் தாண்டாமல் இருக்க வேண்டும். புருஷன் ஜிலாலியின் உடலைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்க் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஊசியை வாயில் கடித்தபடி ஹனியா அவளை அசையாமல் இருக்கச் சொன்னாள். துரியா எழுந்துவிட்டாள். துணியின் ஒரு முனை ஹனியாவின் கையிலேயே நின்றுவிட்டது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்க வேண்டியவள் தலைத்துணி பாதி அவிழ்ந்த கோலத்தில் முற்றத்துக்கு ஓடினால் பார்க்காமல் என்ன செய்வார்கள்.

"நிறுத்துப்பா" என்றாள்.

பூஷ்தா நிமிர்ந்தான். அவன் காலடியில் புதினாத் தண்டுகள் ஊதாப் பூவும் தேனீயுமாகக் குவிந்து கிடந்தன. அவனுடைய ஆட்கள் இருவர் அவரைக்கொடிப் பந்தலின் கயிற்றை அறுப்பதற்காகக் கத்தியோடு நின்றார்கள். இத்ரீஸ் அண்ணன்தான் சொல்லிவிட்டுப் போனார் என்றான் பூஷ்தா. கூடாரத்துக்கு இடம் வேண்டும், நூறு நாற்காலி போட வேண்டும், அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் மழித்துவிடச் சொன்னாராம்.

இத்ரீஸ், ஜிலாலியின் தம்பி. தன் அலுவலகத்திலிருந்து பெரிய மனிதர்கள் வருவார்கள், அவர்களைச் சந்தில் உட்கார வைக்க முடியாது என்று காலையிலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தான். துரியா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அது அவள் தப்புதான்.

துரியா சுவரோரம் அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றை உருவி, மிச்சமிருந்த பாதிப் பாத்தியின் நடுவே கொண்டுபோய்ப் போட்டு, வெள்ளை உடுப்போடு அதில் உட்கார்ந்துகொண்டாள். பூஷ்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்குத்தான் விதவையான ஒருத்தியின் அருகே அரிவாளோடு எப்படிப் போவது? இத்ரீஸுக்குப் போன் போட்டுப் பார்த்தான். அடக்கம் நடக்கும் மையவாடியில் யார் எடுப்பார்கள்?

"அக்கா, சந்துல போட்டா கார் போகாது" என்று கெஞ்சினான்.

"போக வேண்டாம். மூணு நாள் கார் போகலன்னா செஃப்ரு ஊரு செத்துடாது."

இந்த முற்றத்துக்காக அவள் போட்ட சண்டை தெரு முழுக்கத் தெரியும். வீடு வாங்கியபோது அது பச்சையும் வெள்ளையுமாய் ஓடு பதித்த முற்றம். ஃபெஸ் நகரத்துக்கும் செஃப்ருவுக்கும் இடையில் முப்பது வருடம் வாடகைக் கார் ஓட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்த ஜிலாலி, ஒரு திங்கட்கிழமை சம்மட்டி எடுத்து அத்தனை ஓடுகளையும் உடைத்தான். ஒன்பது நாள் அவள் அவனோடு பேசவில்லை. முதல் வருடம் சுரைக்காய் எல்லாம் விரல் நீளத்திலேயே அழுகி விழுந்தது. தேனீ வந்தால்தானே காய் பிடிக்கும், அது வருவதற்கு உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று எவனோ கேட்டுவிட்டான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் ஏழு வருடம் தெளியவில்லை. சூரியகாந்தி, ஓமவல்லி, நீலப் பூ பூக்கும் ஏதேதோ களை. கொத்தமல்லியைப் பறிக்கக் கூடாது, பூக்க வேண்டும். புதினாவைக் கிள்ளக் கூடாது, அதுவும் பூக்க வேண்டும்.

பூத்த புதினாவைத் தேநீரில் போட்டால் கசக்கும். ஆக, வாசல் நிறையப் புதினாவை வைத்துக்கொண்டு, கோடை முழுக்கக் கடையில் புதினா வாங்கிய ஒரே குடும்பம் இந்த ஊரில் அவர்களுடையதுதான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் துரியா இதைச் சொல்லிச் சிரித்தாள், சொல்லித் திட்டினாள், குப்பைமேடு என்றாள். தேனீக்குப் பயந்து கோடை முழுக்க ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள்.

நேற்றும் அதே சண்டைதான். அவளுடைய அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது, வீட்டில் புதினா இல்லை. துரியா கத்தியோடு பாத்திக்கு வந்தபோது ஜிலாலி குறுக்கே நின்றான். பத்து நாள் பொறு, பூ உதிர்ந்ததும் நானே அறுத்துத் தருகிறேன் என்றான். உங்கள் ஈக்களுக்கு இருக்கிற மரியாதை என் அக்காவுக்கு இல்லையா, போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அவள் கத்தினாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். புதினாக்காரன் கடை முன்னால் குந்தியவன் எழுந்திருக்கவில்லை. புதினாக்காரன்தான் தன் தள்ளுவண்டியில் அவனைப் படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். வண்டியிலிருந்த புதினாக் கட்டுகளை எங்கே இறக்கினானோ, ஜிலாலியின் சட்டை முழுக்கப் பச்சை வாசனை.

அடக்கம் முடிந்ததும் இத்ரீஸ்தான் முதல் ஆளாக வந்தான். நீள அங்கியான ஜிலாபாவின் விளிம்பில் செம்மண் ஒட்டியிருந்தது. நாற்காலியில் அண்ணியையும், வெளியே சுவரோரம் குந்திப் புகைத்துக்கொண்டிருந்த பூஷ்தாவையும் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கூடத்துப் பெண்கள் உள்வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள்.

"அண்ணி, இது என்ன கூத்து? ஜனங்க பின்னாலேயே வந்துட்டிருக்காங்க."

"வரட்டும். கூடாரத்தைச் சந்துல போடு."

"நீங்கதானே இதைக் குப்பைமேடுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க?"

"சொன்னேன். ஏழு வருஷம் அந்த மனுஷனைத் திட்டினேன். திட்டறதுக்கு எனக்குப் பாத்தியதை இருந்துச்சு. உனக்கு என்ன இருக்கு?"

இத்ரீஸ் குரலைத் தாழ்த்தினான். கூடாரம் மட்டுமில்லை, அவள் இனிமேல் தனி ஆள், தண்ணீர் ஊற்றுவது யார், களை எடுப்பது யார், மூன்றாம் நாள் சடங்கு முடிந்ததும் சிமென்ட் தளம் போட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"நாலு மாசம் பத்து நாள் நான் வாசல் தாண்டக் கூடாது. அத்தனை நாளும் சிமென்ட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

அவனுக்கும் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவன்.

"இந்தப் புதினாவை நேத்தே வெட்டியிருந்தா, அண்ணன் இன்னிக்கு உள்ள உக்காந்து டீ குடிச்சிட்டிருப்பாரு."

உள்வாசலில் ஹனியா, கையில் இன்னும் அந்த ஊசியோடு, தலையைக் குனிந்துகொண்டாள். இரவு முழுக்க அந்த வீட்டில் எல்லாருடைய மனதிலும் ஓடியது அதுதான். துரியாவின் மனதிலும் அதுதான்.

"கத்தி எடுத்துட்டு வந்தது நான்" என்றாள் துரியா. "அவரைக் கடைக்குத் துரத்தினது நான். அந்தப் பழி என்னோடது, நான் சுமந்துக்கறேன். செடி மேல ஏத்தாதே."

இத்ரீஸ் வெளியே போய், கம்பங்களைச் சந்துக்கு எடுத்துப் போகும்படி பூஷ்தாவிடம் சொன்னான். குர்ஆன் ஓதுகிறவர்களை மட்டும் வீட்டுக் கூடத்தில் உட்கார வைக்கலாம், அவர்களை அழைத்துவரப் போகிறேன் என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனான். பெண்கள் கூடத்தைக் காலிசெய்துவிட்டு மாடிக்கு ஏறினார்கள்.

கூடாரத்து முளைகள் இறங்கும் சத்தம் சந்திலிருந்து கேட்டது. பூஷ்தாவின் ஆள் ஒருவன் துடைப்பத்தோடு வந்தான். அறுத்துப் போட்ட புதினா தெருவாசலிலிருந்து கூடம் வரைக்குமான நடைபாதையை அடைத்துக் கிடந்தது. தள்ளிவிடட்டுமா என்று கேட்டான்.

துரியா எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். ஜூலை வெயிலில் இலைகள் துவளத் தொடங்கியிருந்தன. ஆனால் பூக்களில் தேனீக்கள் இன்னும் இருந்தன. அறுபட்டது தெரியாத மாதிரி ஒவ்வொரு பூவாகத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தன. சின்னக் கறுப்புத் தேனீ ஒன்று அவளுடைய வெள்ளைக் கைப்பட்டியில் வந்து உட்கார்ந்தது. அவள் தட்டிவிடவில்லை.

"இதுங்களுக்கு இன்னும் முடியல. இருக்கட்டும்" என்றாள்.

வாளியில் தண்ணீர் மொண்டுவந்து, கையால் அள்ளிக் குவியல்மீது தெளித்தாள். ஹனியா பின்னாலேயே வந்து, அவிழ்ந்த தலைத்துணியைச் சேர்த்துப் பிடித்து ஊசி குத்தினாள். இந்தத் தடவை அவளை உள்ளே கூப்பிடவில்லை.

இத்ரீஸ் ஓதுகிறவர்களோடு திரும்பி வந்தான். நான்கு பேர், எல்லாரும் வயதானவர்கள், எல்லாரும் வெள்ளையில். வாசலில் நின்று நடைபாதையைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். துரியா வாளியோடு அப்படியே நின்றாள்.

அவன் ஜிலாபாவின் விளிம்பை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டான். குவியலைச் சுற்றி, சுரைக்கொடிக்கும் சுவருக்கும் நடுவில், காலைப் பக்கவாட்டில் வைத்து வைத்து நடந்தான். அவனுக்குப் பின்னால் நான்கு கிழவர்களும் ஒருவர் பின் ஒருவராக உடுப்பைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனார்கள்.