போர்ட்டைப் பிடித்திருந்த கிராணி

செம்பனை எண்ணெய் ஆலை வாசலில் பழக்குலைகளோடு ஏழு லாரிகள் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. எடைமேடையில் லாரி ஏறியும் என் திரையில் எடை வரவில்லை. எடை வரும் போர்ட்டை ‘கிராணி’ பயன்படுத்துவதாக மட்டும் காட்டியது. எடை போடும் குமாஸ்தாவான நான்தான் இங்கே கிராணி. நானோ எதையும் திறக்கவில்லை.

மேனேஜர் தன் சிரம்பான் ஆபீசிலிருந்தே எடையைப் பார்க்க வேண்டுமென்று, எடைக்கருவியின் சீரியல் போர்ட்டில் போன வாரம்தான் ஒரு சிறு பெட்டியை மாட்டியிருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதைத் திறக்க முடியும்.

வெளியே மீட்டிங்கில் இருந்த மேனேஜர் கிளென் தன் கைப்பேசியில் பார்த்துவிட்டுப் போனில் கத்தினார். “கிராணி புடிச்சு வச்சிருக்குன்னு காட்டுதுலா. மொதல்ல விடுங்க! வேலை தெரியலன்னா சொல்லுங்க.”

பெட்டியை மாட்டிய சுகுமாறனைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டுப் பேச்சை இழுத்தார். “மிஸ்டர் கிளென் ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான் காலையிலேருந்து தொறந்து கெடக்கு. உங்க கம்ப்யூட்டர், அவரோடது ரெண்டுக்கும் கிராணின்னு ஒரே பேரக் குடுத்துட்டேன்.”

“ஏன்?”

“அவர்கிட்டதான் உங்க பேரக் கேட்டேன். தெரியாதுலா, கிராணின்னே போடுன்னாரு.”

பதினொரு வருஷமாக இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

கிளெனைத் திரும்ப அழைத்தேன். “ஆபீசுக்குப் போன் போட்டு உங்க கம்ப்யூட்டர மூடச் சொல்லுங்க. புடிச்சு வச்சிருக்கிற கிராணி நீங்கதான். என் பேரு ஆக்னஸ்.”