திரிபுராவில் பர்மா

நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. அண்ணனூரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் வராது. பி.எஸ்ஸி. வைவாவிலேயே அழுதவள் நான்.

அக்கா எழிலரசி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போயிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. எல்லைக் காவலில் இருப்பதாகச் சொன்ன கோபிக்காக இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள். வந்த வரன்களையெல்லாம் காரணம் சொல்லாமல் தட்டிவிட்டு அப்பாவிடம் அடி வாங்கினாள். காரணம் எனக்கு மட்டும் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்று கோபி எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தான்.

"திரிபுரால கீறேன் எழிலு. ஆத்துக்கு அந்தாண்ட பர்மா. அவன் துணி காயப்போடறதுகூடத் தெரியுது," என்று போனில் சொல்வான். ஸ்பீக்கரில் நானும் கேட்பேன். அரசுத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியபோதுதான் வரைபடத்தைப் பார்த்தேன். திரிபுரா பர்மாவைத் தொடவே இல்லை. அக்காவிடம் காட்டினேன்.

"வாய் தவறிச் சொல்லியிருப்பாருடி," என்றாள்.

மூன்று வாரம் முன்பு கரையான்சாவடி ஜவுளிக்கடையில் அவனைப் பார்த்தேன். கூடவே ரேவதி என்ற பெண்ணும் அவள் பெற்றோரும். நிச்சயப் புடவை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனதும் புடவை மடித்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். நாளும் இடமும் தெரிந்தன. அன்றே அந்த வீட்டில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் பட்டு வேட்டி கட்டட்டும், சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து சேரட்டும் என்று பொறுத்தேன்.

காட்டுப்பாக்கத்தில் ரேவதி குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தள ஹால். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை பக்கம் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பக்கம் என்று. இரண்டு பக்கமும் காபி கொடுத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

தட்டு மாற்றுவதற்குமுன் ரேவதியின் அப்பா ஜெயராமன் பெருமையாகக் கேட்டார்: "மாப்ளே, பார்டர்ல எந்த இடம்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லுங்க."

"திரிபுரா, மாமா. ஆத்துக்கு அந்தாண்ட பர்மா. அவன் துணி காயப்போடறதுகூடத் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். அதே துணி. எழுந்தேன்.

"பர்மாவை ஒட்டி நம்ம நாட்டுல நாலு மாநிலம்தான். அருணாச்சலம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம். திரிபுராவுக்கு மூணு பக்கம் வங்காளதேசம். மீதிப் பக்கம் அசாமும் மிசோரமும். அங்கேர்ந்து பர்மா எப்படித் தெரியும்?"

கோபி என்னைப் பார்த்தான். முகம் வெளுத்தது. உடனே சமாளித்தான்.

"இன்னாம்மா, நிச்சயத்துல வந்து பரீட்சை வெக்கிறே? யாருப்பா இது, சோத்துக்கு வந்துச்சா?"

"மச்சான், ஃபெயிலாயிட்டடா!" என்று அவன் நண்பன் ஒருவன் கத்தினான். மறுபடி சிரிப்பு.

அது அடங்கும்வரை நின்றேன். மேடையிலிருந்து ரேவதி என்னையே பார்த்தாள். அவளை நினைத்து வருத்தமாகத்தான் இருந்தது. உட்கார்ந்துவிடும் அளவுக்கு இல்லை.

ஜெயராமன் சிரிக்கவில்லை. என் அருகில் வந்தார்.

"நீ எந்தப் பக்கம்மா?"

"மாப்பிள்ளை பக்கம், சார்." குளியலறையில் சொன்னதைவிடச் சத்தமாகவே வந்தது. "ரெண்டு வருஷம் முன்னாடி இவரோட ரிஜிஸ்டர் கல்யாணத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இவர் பொண்டாட்டி எழிலரசியோட தங்கச்சி நான்."